ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து இயங்குதளம் நிறுவ முடியவில்லையா? கணினியைக் கைவிடும் முன் சரிபார்க்க வேண்டியவை

மும்பை: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி கட்டாயம் என்பதால், பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறவில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் மாணவர்களும் சிறு கடைக்காரர்களும் பயன்படுத்தும் பழைய கணினிகளுக்கும் இது பொருந்தும். கைவிடப்படும் கணினிகளில் ஒரு பகுதி, தாராவியின் 13-ஆவது காம்பவுண்டு போன்ற மறுசுழற்சிக் கூடங்களைச் சென்றடைகிறது. ஆனால், லினக்ஸ் மின்ட், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டணமில்லா இயங்குதளங்களை நிறுவி அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த வாய்ப்புள்ளது.

இவை ஐஎஸ்ஓ எனப்படும் வட்டுப் படிமக் கோப்பாகவே பதிவிறக்கத்துக்குக் கிடைக்கின்றன. நிறுவும் பணி பாதியில் நின்றால், கணினி பழுதாகிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. பல நேரங்களில் குறை கோப்பிலோ, அதைப் பென் டிரைவில் எழுதிய முறையிலோதான் இருக்கும்.

கோப்பு முழுமையானதா?

இணைய இணைப்பு இடையில் துண்டிக்கப்பட்டால் கோப்பு சிதைந்திருக்கலாம். இயங்குதளத்தை வெளியிடுவோர், 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஷா-256 சரிபார்ப்புக் குறியீட்டையும் வழக்கமாக வெளியிடுகின்றனர். விண்டோஸில் சர்ட்யூட்டில், லினக்ஸில் ஷா256சம் கட்டளை மூலம் பதிவிறக்கிய கோப்பின் குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது.

இது பாதுகாப்புக்கும் அவசியம். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், தீய நிரல் சேர்க்கப்பட்ட ஐஎஸ்ஓ கோப்புக்குப் பயனர்களைத் திருப்பிவிட்டனர். இதையடுத்து, உண்மையான கோப்புகளின் குறியீடுகளை வெளியிட்ட அக்குழு, அவற்றுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

பென் டிரைவில் எழுதியது சரியா?

ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்தால் மட்டும் போதாது. ரூஃபஸ் போன்ற செயலி மூலம் அதை எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பைச் சேமிக்க இயலாது. விண்டோஸ் நிறுவல் கோப்புகளை எழுதும்போது பிழை ஏற்பட இதுவும் காரணமாகலாம்.

கணினி பென் டிரைவைக் காணவில்லையா?

பயாஸ் அமைப்பில் யுஎஸ்பி முதலில் வருமாறு பூட் வரிசையை மாற்ற வேண்டும். யுஇஎஃப்ஐ, லெகசி ஆகிய இரு முறைகளில் கணினி ஏற்கும் முறைக்கேற்பப் பென் டிரைவ் எழுதப்பட்டிருக்க வேண்டும். 32 பிட் கணினியில் 64 பிட் இயங்குதளம் இயங்காது.

இவை அனைத்தும் சரியாக இருந்தும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிறுவல் நின்றால், ரேம் அல்லது ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும்.

நிறுவலின்போது ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழிக்கும் தேர்வைச் சொடுக்கினால், பழைய கோப்புகள் நீங்கிவிடும். எனவே ஆவணங்களையும் புகைப்படங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது அவசியம்.