ஒரே கல்லாவில் இரண்டு வரி விகிதங்கள்

2015ஆம் ஆண்டு நடுப்பகுதி. கூலாய் நகரில் ஒரு மளிகைக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் பத்துக் கிலோ அரிசி மூட்டையையும் ஒரு கட்டுச் சவர்க்காரத்தையும் கல்லா மேசையில் வைக்கிறார். பணியாளர் இரண்டையும் கருவியில் காட்டுகிறார். இரண்டு முறை ஒலி எழுகிறது, பற்றுச்சீட்டு வெளிவருகிறது. அரிசிக்கு வரி இல்லை. சவர்க்காரத்திற்கு 6 விழுக்காடு. பணியாளர் எதையும் கணக்கிடவில்லை. கடை திறப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் மென்பொருளில் அதைப் பதிந்து வைத்திருந்தார். அவர் சரியாகப் பதிந்திருந்தால்தான் இந்தப் பற்றுச்சீட்டும் சரியாக இருக்கும்.

மலேசியாவில் பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. பொதுவான விகிதம் 6 விழுக்காடு. ஆனால், அரிசி, சீனி, உப்பு, மாவு, சமையல் எண்ணெய், காய்கறி, மீன், முட்டை முதலிய அடிப்படைப் பொருள்களுக்குப் பூஜ்ய விகிதம் வழங்கப்பட்டது. பழங்கள், காப்பித்தூள், தேயிலைத்தூள், மஞ்சள் மீ, மீ ஹூன் ஆகியனவும் அப்பட்டியலில் இடம்பெற்றன. எல்லைக்கோடு சில இடங்களில் மிக மெல்லியதாக இருந்தது. வெள்ளை ரொட்டிக்கும் முழுக்கோதுமை ரொட்டிக்கும் பூஜ்யம். உள்ளே காயா வைத்த ரொட்டிக்கு 6 விழுக்காடு. இரண்டும் ஒரே அலமாரியில் அருகருகே இருந்தவைதாம்!

இதனால், விற்பனை மென்பொருளில் பொருளின் பெயரும் விலையும் இருந்தால் போதாது. அந்தப் பொருள் எந்த வரிக்குழுவைச் சேர்ந்தது என்ற தகவலும் வேண்டும். நல்ல மென்பொருளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். முதல் அட்டவணையில் வரிக்குழுக்களும் அவற்றின் விகிதங்களும் இருக்கும். பொது விகிதத்திற்கு 'எஸ்.ஆர்.' என்றும் உள்நாட்டுப் பூஜ்ய விகிதத்திற்கு 'இசட்.ஆர்.எல்.' என்றும் குறியீடுகள் வழங்கின. இரண்டாவது அட்டவணையில் கடையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இக்குறியீடுகளுள் ஒன்று மட்டும் எழுதப்படும். அரிசிக்கு நேரே '0' என்று எண்ணை எழுதுவதில்லை. குழுவின் குறியீட்டையே எழுதுவர். இந்தச் சிறு வேறுபாட்டின் பயன் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் பலருக்கும் புரிந்தது.

குறியீடு மாறினால் என்ன ஆகும்? பத்துக் கிலோ அரிசி 30 ரிங்கிட் என்றால், தவறாகச் சேர்க்கப்படும் 6 விழுக்காடு 1 ரிங்கிட் 80 சென். வாடிக்கையாளர் கொடுக்கத் தேவையில்லாத பணம் அது. மாறாக, சவர்க்காரத்தைப் பூஜ்யக் குழுவில் சேர்த்துவிட்டால், வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைக் கடைக்காரர் தம் சொந்தப் பணத்திலிருந்து சுங்கத் துறைக்குச் செலுத்த நேரிடும். ஆண்டு விற்பனை 500,000 ரிங்கிட்டைத் தாண்டாத சிறு கடைகளுக்கு இவ்வரிக்குப் பதிந்துகொள்ளும் கட்டாயம் அப்போது இருக்கவில்லை. பதிந்துகொள்ளாத கடை வரி வாங்கவும் கூடாது என்பது அன்றைய விதி. அங்கே வரிப் பகுதியை முழுவதும் அணைத்து வைக்க வேண்டியிருந்தது.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அந்நாளில் கடைகளில் காட்டப்பட்ட விலை வரியையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சவர்க்காரத்தின் விலை 10 ரிங்கிட் 60 சென் என்றால், அதிலுள்ள வரி எவ்வளவு? 10.60-இல் 6 விழுக்காடு கண்டால் ஏறக்குறைய 64 சென் வரும். அது தவறு. வரி சேர்வதற்கு முந்திய விலை 100 பங்கு, வரி 6 பங்கு. ஆக மொத்தம் 106 பங்கு. எனவே, 10.60-ஐ 106ஆல் வகுத்து 6ஆல் பெருக்க வேண்டும். விடை 60 சென். 'விலையில் வரி அடக்கம்' என்பதை மென்பொருளில் தேர்ந்தெடுக்க மறந்தால், இத்தகைய பிழை வரிக்குரிய ஒவ்வொரு பொருளிலும் தொடர்ந்துகொண்டே போகும்.

2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் 6 விழுக்காடு பூஜ்யமாக்கப்பட்டது. குழுவின் குறியீட்டைப் பயன்படுத்திய கடைகளில் முதல் அட்டவணையின் ஒரே வரியில் 6-ஐ 0 ஆக மாற்றினால் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே '6' என்று எழுதி வைத்திருந்தால், கடையிலுள்ள அத்தனை பொருள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. மே 30ஆம் நாள் 106 ரிங்கிட்டுக்கு மின்விசிறி வாங்கியவர், அது ஓடவில்லை என்று ஜூன் 2ஆம் நாள் திருப்பிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொண்டால், அவருக்குரிய வரி விகிதம் எது? வாங்கிய நாளின் விகிதமான 6தான். அவரிடம் வாங்கிய 6 ரிங்கிட் வரியும் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஆகவே, பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது தவறு. ஒவ்வொரு விகிதத்திற்கும் அது தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்தே பதிய வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் வந்தன. விற்பனை வரியை உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் செலுத்துவதால், மளிகைக் கடையின் கல்லாவுக்கு அதில் வேலை இல்லை. சேவை வரி அப்படியல்ல. 2024 மார்ச் 1ஆம் நாள் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் 6 விழுக்காடே நீடித்தது. சேவை வரிக்குப் பதிந்துகொண்ட தங்கும் விடுதி ஒன்றில் 150 ரிங்கிட் அறைக்கு வரி 12 ரிங்கிட். அதே விடுதியின் உணவகத்தில் 50 ரிங்கிட் இரவு உணவுக்கு வரி 3 ரிங்கிட். விருந்தினர் இரண்டுக்கும் ஒரே பற்றுச்சீட்டைக் கேட்டால், அதில் இரு விகிதங்களும் தனித்தனி வரிகளில் அச்சாக வேண்டும்.