பகலின் நீளத்தைக் கணக்கிட்டு முட்டையிடும் பறவைகள்

ஐரோப்பாவின் ஓக் மரக் காடுகளில் வாழும் பெரிய பட்டாணிக்குருவி, தன் குஞ்சுகளுக்குப் பிரதானமாக ஊட்டுவது இலை தின்னும் புழுக்களையே. அப்புழுக்கள் வசந்தகாலத்தில் சில வாரங்கள் மாத்திரமே தாராளமாகக் கிடைக்கும். நாளுக்கொன்றாக எட்டு, ஒன்பது முட்டைகளை இட்டு, சுமார் இரு வாரங்கள் அடைகாத்த பின்னரே குஞ்சுகள் வெளிவருகின்றன. ஆகவே, புழுக்கள் பெருகுவதற்கு முன்னரே தாய்ப்பறவை தயாராகிவிட வேண்டும். வரப்போகும் பருவத்தை அது எவ்வாறு அறிகின்றது?

குளிர் குறைவதை வைத்துத்தான் என நம்மில் பலர் நினைப்போம். 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியலாளர் இதனைச் சோதித்தார். ஜன்கோ எனும் சிறு குருவிகளைக் கடுங்குளிரில் வெளிக்கூண்டுகளில் வைத்து, மின்குமிழ்களின் வெளிச்சத்தால் பகற்பொழுதைப் படிப்படியாக நீட்டினார். உறைபனிக்கு நடுவிலும் அவற்றின் இனப்பெருக்க அங்கங்கள் வளர்ந்தன. பிரதான சமிக்ஞை வெப்பம் அல்ல, பகலின் நீளமே.

இந்த ஒளியை உணரப் பறவைக்குக் கண் மட்டும் அல்ல. மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியை மூளையின் ஆழத்திலுள்ள கலங்களும் நேரடியாக உணர்கின்றன. பகல் நீளும்போது மூளையினுள் தைரொயிட் ஓமோன் செயலூக்கம் பெறுகின்றது. அதன் விளைவாகப் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பியின் ஓமோன்கள் குருதி வழியே விதைகளையும் சூலகத்தையும் அடைகின்றன. ஆண் பறவையில் தெஸ்தெஸ்திரோன் அதிகரிக்க, அது பாடத் தொடங்குகின்றது. பெண் பறவையில் ஈஸ்திரஜன் ஈரலைத் தூண்ட, மஞ்சட்கருவுக்கான பொருட்கள் தயாராகின்றன. பருவம் முடிந்ததும் இவ்வங்கங்கள் மீண்டும் சுருங்கிவிடுகின்றன.

வெப்பநிலை, உணவு, துணையின் பாட்டு ஆகியன முட்டையிடும் நாளைச் சற்று முன்பின்னாக மாற்றும். ஆனால், உடலைத் தயார்ப்படுத்துவது பகலின் நீளமே.

பிரச்சினையும் இங்குதான் உள்ளது. நெதர்லாந்தின் ஹோகே வேலுவே பகுதியில் 1955 முதல் இப்பறவைகள் ஆராயப்பட்டு வருகின்றன. வசந்தகாலம் வெப்பமடைய, புழுக்கள் முன்கூட்டியே பெருகத் தொடங்கின. பறவைகளால் அதே வேகத்தில் முந்த முடியவில்லை. பிந்திப் பொரித்த குஞ்சுகள் வாய் திறக்கும் வேளையில் புழுக்காலம் முடியத் தொடங்கிவிடுகின்றது. பகலின் நீளம் மாறவில்லை. அதனோடு ஒத்துவந்த வெப்பநிலையைத்தான் மனிதன் மாற்றிவிட்டான்.

காலநிலை மாற்றத்தைக் கற்பிக்கும்போது உருகும் பனிமலைகளின் படங்களை மாணவர்களுக்குக் காட்டுகின்றோம். சில நாட்கள் பிந்தியதால் கூட்டில் பசித்திருக்கும் இந்தக் குஞ்சுகளைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்வோம்.