உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் விழும் வெயில்

புற ஊதாக் கதிர் இருப்பதை உலகுக்குச் சொன்னது ஒரு துண்டுத் தாள். 1801-ல் ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, வெள்ளிக் குளோரைடு பூசிய தாளின் மேல் விழச் செய்தார். ஊதா நிறம் முடிந்துபோன, எந்த நிறமும் தெரியாத இடத்தில்தான் தாள் மிக வேகமாகக் கறுத்தது. பார்வைக்குச் சிக்காத கதிர் இது. ஆகவே கண் கூசுகிறதா இல்லையா என்பதை வைத்து இதை அளக்க முடியாது. கீழே வரும் செய்திகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

100 முதல் 280 நானோமீட்டர் வரையுள்ள மிகக் கொடிய கதிரை வளிமண்டலத்தின் ஓசோனும் ஆக்சிஜனும் தடுத்துவிடுகின்றன. தப்பி வருவதில் ஒரு பங்கைக் கருவிழி உறிஞ்சிக்கொள்ளும். மீதியின் பெரும்பகுதியை அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வாங்கிக்கொள்ளும். பெரியவர்களுக்கு விழித்திரை வரை போய்ச் சேர்வது ஓரிரு சதவீதம்தான். குழந்தைகளின் லென்ஸ் இன்னும் தெளிவாக இருப்பதால் அவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக உள்ளே போகும். வெயிலில் கன்றிய தோல் உரிந்து புதுத்தோல் வரும். லென்ஸுக்கு அந்த வசதி கிடையாது. தாயின் வயிற்றில் உருவான புரதம்தான் அதன் நடுவில் கடைசிவரை இருக்கிறது. பட்டதெல்லாம் அதிலேயே சேரும்.

அப்படிச் சேர்வதைக் கணக்குப் போட்டுக் காட்ட உதவியவர்கள் மீனவர்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஹியூ டெய்லர் குழுவினர் ஆராய்ந்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் எத்தனை வருடம், எந்த மாதங்களில், தொப்பியோடா, கண்ணாடியோடா தண்ணீரில் இருந்தார் என்று கேட்டுக் கேட்டு, கண்ணில் பட்ட கதிரைக் கணித்தார்கள். அந்த அளவு இரட்டிப்பானபோது, லென்ஸின் வெளிப்புறத்தில் தொடங்கும் வகைக் கண்புரைக்கான வாய்ப்பு 60 சதவீதம் கூடியிருந்தது. உலகில் வரும் கண்புரையில் ஒரு பங்கு புற ஊதாக் கதிரால் வந்ததாகவோ மோசமானதாகவோ இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதும் நீரிழிவும் புகையிலையும் நாம் போடும் காரணப் பட்டியலில் உண்டு. வெயிலை மட்டும் ஏனோ சேர்ப்பதில்லை.

புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாவில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கடல் நுரை ஏறத்தாழ 25, காய்ந்த மணல் 15. புல்லும் மண்ணும் 10-க்கும் கீழே. குனிந்து நடந்தாலும் பனியிலும் மணலிலும் தப்ப முடியாது, கதிர் கீழிருந்தும் வருகிறது. ஆர்க்டிக் பகுதியின் இன்யூயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்மறைப்பைச் செதுக்கி அணிந்தது அதனால்தான். கண்ணாடி என்ற பொருளே இல்லாமல் செய்த கண்பாதுகாப்பு அது.

உச்சிவெயில்தான் ஆபத்து என்பது தோலுக்குச் சரி. கண்ணுக்கு? ஜப்பானின் கனசாவாவில் ஹிரோஷி சசாகி குழுவினர் பொம்மைத் தலையின் கண்ணில் உணரிகளைப் பொருத்தி அளந்து பார்த்தார்கள். சூரியனைப் பார்த்தபடி நின்றால், குளிர்காலம் தவிர மற்ற நாட்களில், கண்ணில் அதிகம் பட்டது காலை 8 முதல் 10 மணி வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும். உச்சியில் சூரியன் இருக்கும்போது புருவமும் மேலிமையும் கூரைபோல மறைத்துவிடுகின்றன. காலையில் கிழக்கு நோக்கி இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஹெல்மெட் முகக்கண்ணாடிகள் பாலிகார்பனேட்டால் ஆனவை. அந்தப் பொருளே புற ஊதாவை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். இறக்கி விட்டுக்கொண்டால் போதும்.

கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் சதை வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் மூக்குப் பக்கமே தொடங்கும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ தந்த விளக்கம் வியப்பானது: பொட்டுப் பக்கத்திலிருந்து சாய்வாக நுழையும் ஒளியைக் கருவிழியின் வளைவு மடக்கி, எதிர்ப்பக்கமான மூக்கோரத்தில் குவிக்கிறது. குவியும் இடத்தில் செறிவு 20 மடங்கு வரை ஏறலாம். முன்பக்கம் மட்டும் மறைக்கும் சின்னக் கண்ணாடி இந்தப் பக்கவாட்டு ஒளியைத் தடுக்காது. முகத்தோடு வளைந்து ஒட்டும் சட்டம் வேண்டும், அல்லது அகன்ற விளிம்புத் தொப்பி. நல்ல தொப்பி ஒன்றே கண்ணில் படுவதைச் சுமார் பாதியாகக் குறைக்கும்.

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் நிற்பவர்களுக்கு மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு. தொப்பியும் கண்ணாடியும் அவர்கள் கூலியிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்பது நியாயமில்லை. காலுக்கான ரப்பர் பூட்ஸைப்போல அவையும் வேலை கொடுப்பவர் தர வேண்டியவை.

கூலிங் கிளாஸ் எவ்வளவு கறுப்போ அவ்வளவு பாதுகாப்பா? கிடையாது. நிறம் கூச்சத்தைக் குறைக்கும். புற ஊதாவைத் தடுப்பது கண்ணாடியின் பொருளும் அதில் சேர்த்த வேதிப்பொருளும். நிறமே இல்லாத பவர் கண்ணாடிகூட முழுப் பாதுகாப்புத் தரலாம். ‘போலரைஸ்டு’ என்பது தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்துக்கு. அதுவும் வேறு சங்கதி. பார்க்க வேண்டியது ‘யூவி 400’ என்ற குறி. சில கண்ணாடிக் கடைகளில் இதைச் சோதிக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள், உங்கள் பழைய கண்ணாடியைக் கொடுத்தே அளந்து பார்க்கச் சொல்லலாம். இன்னொன்று: 4-ம் வகை என்று குறித்த மிகக் கறுப்பான கண்ணாடியோடு வண்டி ஓட்டக் கூடாது. அது பனிமலைக்கானது.

ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் தோலைச் சுடும் பி வகைக் கதிரை நிறுத்திவிடும். ஏ வகையில் நிறைய உள்ளே வரும். 29 கார்களை அளந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்கண்ணாடி சராசரியாக 96 சதவீத ஏ வகைக் கதிரைத் தடுத்தது. பக்கக் கண்ணாடி 71 சதவீதம்தான்.

மெல்லிய மேகம் நிழல்போலத் தோன்றும். 90 சதவீதத்துக்கு மேல் புற ஊதா அதை ஊடுருவி வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்ச்சி ஏமாற்றும்.

வெல்டிங் பட்டறைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை உடனே விரட்டுங்கள். அந்த வெல்டிங் வெளிச்சத்திலும் இதே கதிர், ஓசோன் வடிகட்டாமல். அப்போது எதுவும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், மண் அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தி, நீர் கொட்டி, திறக்கவே முடியாமல் போகும். கருவிழியின் மேல்தோல் கன்றியிருக்கிறது. ஓரிரு நாளில் தானே ஆறும். ஆனால் அந்த நேரத்தில் தாய்ப்பால், பூச்சாறு என்று எதையும் விட வேண்டாம். மேல்தோல் புண்ணாக இருக்கும் கண்ணில் கிருமி எளிதாகப் புகும். மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடுவது அதைவிட மோசம். வலி போகும், புண் ஆறாது. குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமை மேல் வைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டிவிடாதீர்கள். கிட்டப்பார்வை பெருகியதைக் கண்ட தைவான், 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே இருக்கச் சொல்கிறது. வெளி வெளிச்சம் வளரும் கண்ணுக்குத் தேவை. தொப்பி போட்டு, மர நிழலில் விளையாட விட்டாலே அது கிடைத்துவிடும்.

கண்புரை அறுவையில் லென்ஸை எடுத்தால் கதிரைத் தடுக்கும் வடிகட்டியும் போய்விடும். அப்படி லென்ஸ் இல்லாத கண்ணுக்குப் புற ஊதாவின் ஒரு பகுதி வெளிறிய நீலமாகத் தெரியும். 1923-ல் அறுவை செய்துகொண்ட ஓவியர் குளோத் மோனே அதன்பின் தீட்டிய நீலங்களுக்கு இது காரணமாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. இப்போது பொருத்தும் செயற்கை லென்ஸ்களில் புற ஊதா வடிகட்டி சேர்ந்தே வருகிறது.

2031 மே 21 அன்று கங்கண சூரிய கிரகணம் தென்னிந்தியா, இலங்கை வழியாகப் போகிறது. வெறுங்கண்ணால் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். அங்கே வலி உணரும் நரம்பு இல்லாததால் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது. இந்தக் கேட்டைச் செய்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே என்பதால், யூவி 400 கூலிங் கிளாஸும் உதவாது. எக்ஸ்ரே பிலிமும் புகையேற்றிய கண்ணாடியும் அப்படித்தான். ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்ட கிரகணக் கண்ணாடியை நம்பகமான இடத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சுவரில் விழும் சின்ன வளையத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள்.