சிறை, கைது, ஜெயில்: பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஜில்லாச் சிறைக்கட்டடமும் அதன் சொற்படிவுகளும்

0. முன்னுரை

ஒரு கட்டடம் எழும்பும்போது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்வதுபோலவே சொற்களும் சேர்கின்றன. கட்டுவோன், காப்போன், உள்ளே அடைபடுவோன், அவனைப்பற்றி எழுதுவோன் ஆகிய நால்வரும் நான்கு மொழிகளைக் கொண்டுவருவராயின், அக்கட்டடத்தைக் குறிக்கும் சொற்றொகுதியே ஒரு வரலாற்றுச் சான்றாகிவிடும். கி.பி. 1801க்குப் பின் சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் உருவான ஜில்லாச் சிறைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூரை மையமாகக் கொண்டு அச்சொற்றொகுதியைப் பகுத்துக் காண்பதும், அக்கால ஆவணங்களை இன்று மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் பொருள்மயக்கங்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. சித்தூரின் இடம்

1801 சூலை 31ஆம் நாளைய உடன்படிக்கையால் கருநாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அதன்பின் அமைந்த வடஆர்க்காட்டு மாவட்டத்திற்குச் சித்தூரே தலைமையிடமாக விளங்கியது. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் வங்காளத்தின் நீதிமுறையைச் சென்னை மாகாணத்திற்குக் கொணர்ந்தன. ஜில்லாதோறும் ஒரு நீதிமன்றமும், அதன் நீதிபதியின் பொறுப்பில் ஒரு சிறையும் ஏற்பட்டன. இவற்றுக்குமேல் மசூலிப்பட்டணம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலைச்சேரி ஆகிய நான்கு இடங்களில் மாகாண மேல்முறையீட்டு, சுற்று நீதிமன்றங்கள் நிறுவப்பெற்றன. ஆதலின் சித்தூர், ஊரளவில் சிறியதாயினும் நீதித்துறையளவில் பெரியதாயிற்று. 1843இல் மாகாண நீதிமன்றங்கள் நீக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960இல் ஆந்திர, சென்னை மாநிலங்களின் எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்தது. நகரி, விஜயபுரம் முதலிய பகுதிகளில் இருமொழி வழக்கு இன்றும் தொடர்கிறது.

இந்நீதிமுறையின் மொழிநிலை நோக்கத்தக்கது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தமிழிலோ தெலுங்கிலோ பேசினான். குற்றவியலில் பின்பற்றப்பட்டதோ, கம்பெனியின் ஒழுங்குமுறைகளால் திருத்தப்பெற்ற இசுலாமியச் சட்டம். சுற்று நீதிமன்றத்தில் முஸ்லிம் சட்ட அலுவலரின் பத்வா பெறப்பட்டது. தீர்ப்பளித்த நீதிபதி ஆங்கிலேயர். ஒருவனது வாய்மொழி தண்டனையாக மாறுவதற்குள் பல மொழிகளைக் கடக்கவேண்டியிருந்தது. அந்த வழியின் இறுதியில் நின்ற கட்டடமே சிறையாகும்.

2. கட்டடமும் கட்டுமானச் சொற்களும்

2.1. ஜில்லாச் சிறை தொடக்கத்தில் தனித்த வடிவமுடையதன்று. பழைய கோட்டையறைகளும் பிற நோக்கங்களுக்காக எழுந்த கட்டடங்களும் பல ஊர்களில் சிறையாகப் பயன்பட்டன. புதிதாகக் கட்டும்போது மூன்று தேவைகள் திட்டத்தை வரையறுத்தன. முதலாவது தப்பியோடாமை; கூரைவேய்ந்த மண்சுவர்க் கொட்டகை தீக்கும் துளையிடலுக்கும் இடங்கொடுத்தமையால் செங்கற்சுவரும் சுற்றுமதிலும் வேண்டப்பட்டன. இரண்டாவது பாகுபாடு, கடனுக்காக அடைபட்ட திவானிக் கைதிகளையும் குற்றத்திற்காக அடைபட்ட பௌஜ்தாரிக் கைதிகளையும், ஆடவரையும் பெண்டிரையும் பிரிக்கவேண்டியிருந்தது. மூன்றாவது செலவுச் சிக்கனம். கைதிகளின் உழைப்பே சாலைப்பணிக்கும் கட்டடப்பணிக்கும் பயன்பட்டது.

பெந்தாம் 1791இல் வெளியிட்ட வட்டவடிவச் சிறைத்திட்டம் ஐரோப்பாவில் விவாதிக்கப்பட்டுவந்த காலம் அது. அத்திட்டத்தில் ஒருவன் ஒரு சிற்றறையில் தனித்திருந்து, நடுவிலுள்ள காவலனால் எந்நேரமும் காணப்படுவான். இங்குள்ள ஜில்லாச் சிறையோ பலர் ஒன்றாகப் படுத்துறங்கும் நீண்ட கூடங்களைக் கொண்டிருந்தது. 1836இல் அமைக்கப்பெற்று 1838இல் அறிக்கை தந்த சிறை ஒழுங்குக் குழு இக்கூட்டுவாசத்தையும் சாலைப்பணியையும் குறைகூறி, நீண்ட தண்டனை பெற்றோருக்கு மத்தியச் சிறைகள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஒருவரை ஒருவராக எண்ணி அடைக்கும் சிற்றறை, நம் சிறைகளுக்குக் காலந்தாழ்ந்தே வந்தது எனலாம்.

2.2. இனிக் கட்டுமானச் சொற்களைக் காண்போம். வானம் தோண்டுதல், கடைக்கால், மதில், செங்கல், உத்திரம், விட்டம், தாழ் என்பன தமிழ்ச் சூழலில் முன்பே வேரூன்றியவை. மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிடும் தளமுறை இவ்வட்டாரத் தொழிலறிவின் சிறப்பு. சுண்ணாம்பைக் குறிக்க ஆங்கிலேயர் நம்நாட்டுச் சொல்லையே ‘சுனம்’ எனத் தம் ஆவணங்களில் ஏற்றுக்கொண்டமை கருதத்தக்கது.

ஆனால் சிறைக்கு இன்றியமையாத உறுப்புகளுக்கு நாம் வழங்கும் பெயர்கள் வேறு திசையைச் சுட்டுகின்றன. மேஸ்திரி, ஜன்னல், சாவி, கிராதி ஆகிய நான்கும் போர்ச்சுகீசியக் கடன்சொற்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் கடற்கரைப் பட்டினங்களில் புகுந்த இச்சொற்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடத்தொழிலுக்கு ஆயத்தமாகக் காத்திருந்தன. திறவுகோலைச் சாவியும், சாளரத்தை ஜன்னலும் பேச்சுவழக்கில் பின்னுக்குத் தள்ளின. தெலுங்கில் ‘தாளஞ்செவி’ என்னும் சொல்லின் பிற்பகுதியும் இதே போர்ச்சுகீசியச் சொல்லே எனவும், அது ‘செவி’ (காது) என மக்கள்வழிச் சொற்பிறப்பால் திரிந்தது எனவும் கருதப்படுகிறது. கம்பிகளைக் குறிக்கத் தெலுங்கு ‘கடகடாலு’ என்னும் சொல்லைப் பெற்றுள்ளது.

3. மூன்று படிவுகள்

3.1. சிறை – செற

தமிழ் ‘சிறை’, கன்னடம் ‘செறெ’, தெலுங்கு ‘செற’ ஆகியன ஓரினச் சொற்கள். தமிழ் ‘விலை’, கன்னடம் ‘பெலெ’, தெலுங்கு ‘வெல’ என்பதில் காணும் உயிர் ஒப்புமையே இங்கும் உள்ளது. அகரத்தை அடுத்த அசையில் கொண்ட சொற்களில் தமிழின் இகரம் ஏனையவற்றில் எகரமாக நிற்பது திராவிட மொழியியலார் நன்கறிந்த விதி. எனவே இச்சொல் மிகப் பழையது, நிறுவனத்தோடு வந்ததன்று.

அதன் பொருளும் இதனை உறுதிப்படுத்தும். சிறை என்பது அடிப்படையில் தடுத்தலாகும். நீரைத் தடுக்கும் கரையும் அணையும் சிறை. அகப்பொருள் மரபில் ‘சிறைப்புறம்’ என்பது வேலிக்கோ சுவருக்கோ அப்பால் தலைவன் மறைந்து நிற்குமிடம். சிறைபிடித்தல், சிறைப்படுதல், சிறையெடுத்தல் என்னும் வினைகளில் இச்சொல் ஒரு நிலையைக் குறிக்கிறதேயன்றி ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. ஊர்மக்கள் பேருந்தைச் சிறைபிடித்தனர் என நாளிதழ்கள் எழுதும்போது அப்பழைய பொருளே மீள்கிறது. தெலுங்கின் ‘செறபட்டு’ என்னும் வினையும் இடத்தைச் சுட்டாது. பெண்ணைக் கவர்ந்துசெல்லுதல், அவளுக்குக் கொடுமை இழைத்தல் என்னும் பொருள்களில் வழங்குகிறது.

இடத்தைக் குறிக்க இவ்விரு மொழிகளும் மற்றொரு உறுப்பை வேண்டின. சிறைச்சாலை, சிறைக்கூடம், தெலுங்கில் ‘செறசால’ என்பன அவ்வாறு அமைந்தவை. மணிமேகலையின் 19ஆம் காதை ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை’ எனப் பெயர்பெறுவதும் இவ்வகையினதே. ஆகவே, சிறைக்கட்டடம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காலஅளவு குறித்த தண்டனையைக் கழிக்கும் இடமாக அதனை முதன்மைப்படுத்திய நீதிமுறையே புதிது.

3.2. கைது – கைதி

அரபு மொழியில் இச்சொல்லின் மூலப்பொருள் தளை, கட்டு என்பது. பாரசீக, உருது வழியாக அது சிறைப்படுத்தலைக் குறித்தது. தெலுங்கு அப்பொருளையே காத்துவருகிறது. ‘ஜீவித கைது’ என்பது அங்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை. தமிழிலோ ‘கைது’ என்பது தண்டனைக்கு முற்பட்ட பிடித்தற்செயலாகச் சுருங்கிவிட்டது. ‘கை’ என்னும் தமிழ்ச்சொல்லின் சாயலும் கைவிலங்கின் நினைவும் இப்பொருள்மாற்றத்திற்குத் துணைசெய்திருக்கலாம்.

ஆனால் ‘கைதி’ என்னும் ஆட்பெயர் இம்மாற்றத்தைப் பின்பற்றவில்லை. அது சிறையில் இருப்பவனையே இன்றும் குறிக்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இருசொற்கள் நீதிநடவடிக்கையின் இரு எல்லைகளில் நிற்பது தமிழில் விளைந்த தனிநிலை. ஜாமீன், பாரா, டாணா, கச்சேரி, ஜில்லா ஆகியனவும் இதே படிவைச் சார்ந்தவை. அரபியில் பிணைநிற்பவனைக் குறித்த ‘ஜாமீன்’ தமிழில் பிணையையே குறிப்பதும், காவல்நிலையைக் குறித்த ‘டாணா’ ‘டாணாக்காரன்’ எனக் காவலனுக்குப் பெயராவதும் ஒப்புநோக்கத்தக்கன.

3.3. ஜெயில்

ஆங்கிலச் சொல் இருவகை எழுத்துக்கூட்டலில் அக்கால ஆவணங்களில் காணப்படும். இரண்டும் பழைய பிரெஞ்சின் இரு கிளைவழக்குகளிலிருந்து வந்தவை. அவற்றின் மூலம் சிறு கூண்டைக் குறித்த இலத்தீன் சொல். எனவே ‘ஜெயில்’ பிறப்பிலேயே இடப்பெயர். ‘சிறை’ நிலையிலிருந்து இடத்தை நோக்கிச் சென்றது. ‘ஜெயில்’ இடத்திலிருந்து நிலையை நோக்கி வந்து ‘ஜெயில் தண்டனை’ எனத் தொடரமைத்தது. தமிழில் சொல் இல்லாமையால் ‘ஜெயில்’ வந்தது என்பது பொருந்தாது. நீதிமன்றத்தோடும் கணக்கேட்டோடும் காவற்படையோடும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைப் பிற அடைப்பிடங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே அது தேவைப்பட்டது என்பதே பொருத்தமாகும்.

4. கட்டடத்திற்கு வெளியே

எல்லாத் தண்டனையும் இக்கட்டடத்திற்குள் நிகழவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை, சிறுகுற்றத்திற்காக ஒருவரைப் பன்னிரண்டு மணிநேரம்வரை அடைத்துவைக்கக் கிராமத் தலைவருக்கு அதிகாரம் தந்தது. தாழ்ந்த சாதியினர் எனக் கருதப்பட்டோரை ஆறுமணிநேரம்வரை தொழுமரத்தில் மாட்டவும் இடந்தந்தது. சாதிக்கேற்பத் தண்டனைக்கருவி வேறுபட்டதைச் சட்டமே எழுதிவைத்தது. இப்பகுதியை மொழிபெயர்ப்போர் தொழுமரத்தைப் பொதுவாக ‘காவல்’ என்றோ ‘தண்டனை’ என்றோ பெயர்த்தால், அவ்வேறுபாடு மறைந்துவிடும்.

1855ஆம் ஆண்டின் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் ‘கிட்டி’ முதலிய கருவிப்பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமல் எழுத்துப்பெயர்ப்பாக இடம்பெற்றன. அவற்றுக்கிணையான தெலுங்குப் பெயர்களும் உடன்தரப்பட்டன. அறிக்கை எழுதியோர் இங்குச் சரியாகவே நடந்தனர். வலியைக் குறிக்கும் ஊர்ச்சொல்லுக்கு அலுவலகச் சொல் ஈடாகாது.

5. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவன

5.1. தெலுங்கு ஆவணத்தில் ‘கைது’ என வருமிடத்தில் தமிழில் அச்சொல்லையே இட்டால், தண்டனை பெற்றவர் பிடிபட்டவராக மட்டும் தோன்றுவார். தமிழிலிருந்து தெலுங்குக்குப் பெயர்க்கும்போது, விசாரணையே தொடங்காத ஒருவர் தண்டிக்கப்பட்டவராகிவிடுவார். எழுத்துவடிவம் ஒன்றாயிருப்பதால் இப்பிழை எளிதில் கண்ணிற்படாது. எல்லைப்பகுதியின் வழக்குரைகளில் இதன் விளைவு சிறிதன்று.

5.2. ‘கைதி’ என்னும் சொல்லை அடையின்றி ஆளுதல் தவிர்க்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறையில் கடனாளியும், விசாரணையை எதிர்நோக்கியவரும், தண்டனை பெற்றவரும் இருந்தனர். ஒரே பட்டியலில் வரும் இம்மூவரையும் திவானிக் கைதி, விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி எனப் பிரித்துணர்த்தல் வேண்டும். ஒருவர் குற்றவாளியா என்பது இங்கு ஓர் அடைமொழியைப் பொறுத்தே அமைகிறது.

5.3. 1860இல் இயற்றப்பெற்று 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இருவகைச் சிறைத்தண்டனைகளை வகுத்தது. அவற்றுள் கடினஉழைப்போடு கூடியதைத் தமிழ் ‘கடுங்காவல்’ என்றது. உழைப்பு என்னும் கூறு இத்தொடரில் இல்லை. காவலின் கடுமையே உள்ளது. 2024 சூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ள நிலையிலும் அவ்விருவகைப் பாகுபாடு தொடர்வதால், இத்தொடரின் பொருட்குறையும் தொடர்கிறது. விளக்கம் வேண்டுமிடத்தில் ‘கடினஉழைப்புடன் கூடிய சிறை’ என விரித்தெழுதுதல் நன்று.

5.4. அகராதித் துணைகளையும் காலமறிந்து பயன்படுத்தவேண்டும். சி. பி. பிரௌன் 1852இல் வெளியிட்ட ஜில்லா அகராதியும், எச். எச். வில்சன் 1855இல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்கோவையும் அலுவலகங்களில் புழங்கிய சொற்களுக்காகவே எழுந்தவை. பொதுத்தமிழகராதியில் கிடைக்காத பொருள் இவற்றில் கிடைக்கும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், சிறைக்கட்டடத்தின் உறுப்புப் பெயர்களில் தமிழும் போர்ச்சுகீசியமும், நடைமுறைப் பெயர்களில் அரபும் பாரசீகமும், நிறுவனப் பெயரில் ஆங்கிலமும் படிந்துள்ளமை பெறப்படும். ஆனால் உள்ளே இருந்தவர்களும் அவர்தம் சுற்றத்தாரும் இவற்றுக்கு அப்பால் தமக்கெனச் சில தொடர்களை ஆக்கிக்கொண்டனர். ‘கம்பி எண்ணுதல்’, ‘களி தின்னுதல்’, ‘மாமியார் வீடு’ என்பன தமிழில் வழங்குவன. தெலுங்கிலும் ஊசலு (கம்பிகள்) எண்ணுதலும், ‘சிப்பகூடு’ உண்ணுதலும், ‘ஸ்ரீகிருஷ்ண ஜன்மஸ்தானம்’ செல்லுதலும் அதே பொருளுடையன. திட்டம் வரைந்தோர் மதிலையும் வாயிலையும் அளந்தனர். இத்தொடர்களை ஆக்கியோர் நாளையும் உணவையும் அளந்தனர். சிறைவரலாற்றை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் அலுவலகச் சொற்களோடு இவ்வழக்குகளையும் தொகுத்தல் வேண்டும். சித்தூர் போன்ற இருமொழிப் பகுதிகளில் அப்பணி தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒருசேரப் பயன்தரும்.