மரமஞ்சளும் வயிற்றோட்டமும்

முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் மரமஞ்சள் அவித்துக் கொடுக்கலாமா? ஒரே சொல்லில் பதில் கூறக்கூடிய கேள்வியல்ல.

மரமஞ்சள் குடாநாட்டில் வளர்வதில்லை. தெற்கே ஈரவலயக் காடுகளில் படரும் கொடி அது; சிங்களத்தில் வெனிவெல் என்பர். காய்ந்த துண்டுகளாகவே இங்குள்ள மருந்துச்சரக்குக் கடைகளுக்கு வருகிறது. அதன் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பேர்பெரின் என்னும் பொருள். சீன வைத்தியர்கள் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஹுவாங்லியன் என்னும் கிழங்கிலும் இதே பொருள் உண்டு. ஆகவே அங்கு நடந்த ஆராய்ச்சி நமக்கும் உரியதே.

நமது குடலில் கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை, இடத்தை நிரப்பி நிற்பதால் கெட்ட கிருமி வேரூன்ற விடாதவை. பயிர் அடர்ந்து நிற்கும் தறையில் களை தலையெடுக்காதது போல. பேர்பெரினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி குடலிலேயே தங்கி, அங்கு நீர் சுரப்பதைக் குறைக்கிறது, பற்றீரியாக்களையும் பாதிக்கிறது. அந்தப் பற்றீரியாக்களே அதை எளிதில் உறிஞ்சப்படும் வேறு வடிவத்துக்கு மாற்றுவதையும் 2015இல் சீன ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

1987இல் வெளியான டாக்கா ஆய்வொன்றில், ஈ. கோலை வகைக் கிருமியால் வயிற்றோட்டம் கண்ட வளர்ந்தோருக்குப் பேர்பெரின் கொடுத்தபோது மலத்தின் அளவு குறைந்தது. கொலராவில் பயன் சொற்பமே. அது அளந்து கொடுத்த மருந்து என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் அவிக்கும் குடிநீரில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளப்பதில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது; மஞ்சட்காமாலை மோசமாகும். இந்த அச்சத்தால் சிங்கப்பூர் 1978இல் இதைத் தடை செய்திருந்தது. அத்தடை பின்னர் நீக்கப்பட்டது.

வயிற்றோட்டத்தில் பிள்ளையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே கொலரா பரவியபோது, பொங்கான் முகாமில் டொக்டர் திலீப் மகாலனாபிசிடம் சேலைன் தீர்ந்துபோனது. அவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர் கையாலேயே பருக்குவித்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. நம்மைப் போல வீடுவாசல் விட்டு வந்தவர்களிடையேதான் உலகம் இதைக் கற்றது.

ஆகவே முதலில் ஜீவனி. அது இல்லாவிடில், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். உப்புக் கூடினால் ஆபத்து. கைப்பிடியால் அளக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போனபின்பும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கால் முதல் அரைக் கோப்பை, மூத்த பிள்ளைக்கு அரை முதல் ஒரு கோப்பை சிறிது சிறிதாகப் பருக்குங்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம். வைத்தியசாலையில் சிங்க் மாத்திரை கேளுங்கள். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாமல் பிள்ளையை அங்கு கொண்டு செல்லுங்கள்.

பெரியவர்கள் மரமஞ்சள் குடிநீர் குடிப்பதை நாங்கள் மறிக்கவில்லை. அதில் ஐயமற்ற நன்மை ஒன்றுண்டு: அது கொதித்த நீர். நமது நிலம் சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியிலிருந்து கசிவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு விரைவில் போய்ச் சேர்ந்துவிடும்.