கூறு போட்ட தொழில்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகிக் காவிரியில் போய்க் கலக்கும் நொய்யலாற்றின் கரையிலுள்ள திருப்பூருக்குத் துறைமுகம் இல்லை. பூமிக்கடியில் கனிமம் இல்லை. நொய்யலும் வற்றாத ஜீவநதியல்ல. அரசாங்கம் பெருந்தொகை செலவிட்டு நிறுவிய ஆலை எதுவும் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தவில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்து அந்நிய நாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஓரூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தைக்கப்படுகின்றன. அவற்றின் மதிப்பு சமீப காலமாக ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

"கொங்கு நாட்டார் உழைப்பாளிகள், அதனால் முன்னுக்கு வந்தார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் இந்த விஷயத்தை முடித்துவிடுகிறவர்கள் பலர். உழைப்பினால் மட்டும் ஒரு பிரதேசம் செழித்துவிடுமானால், வானம் பார்த்த இராமநாதபுரத்துச் சம்சாரி எப்போதோ கோடீசுவரனாகியிருக்க வேண்டும். உழைப்பு என்பது முதலாக மாறுவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் திருப்பூர் கண்டது வேலையைக் கூறு போட்டதில்தான் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவை வட்டாரத்தில் பரவியபோது, திருப்பூர் பஞ்சு மண்டியாகவும் பருத்தி அரைக்கும் ஆலைகளின் ஊராகவும் பெயர் பெற்றது. 1920களிலும் 1930களிலும் பின்னல் இயந்திரங்கள் வந்தன. வெள்ளைப் பனியன் தயாரிப்பில் அக்காலத்தில் கல்கத்தாவுக்கே முதலிடம். அதைத் திருப்பூர் மெல்ல மெல்லப் பின்தள்ளியது. 1970களின் இறுதியில்தான் பம்பாய் வியாபாரிகள் மூலமாக ஐரோப்பிய ஆர்டர்கள் வரலாயின.

ஒரு பனியன் உருவாகும் கிரமத்தைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான் மற்றவை விளங்கும். நூற்பாலையிலிருந்து கோன் கோனாக வரும் நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படுகிறது. அது வேறொருவருடைய சாயப்பட்டறையில் வெளுப்பும் சாயமும் பெற்று, மூன்றாமவர் ஒருவரிடம் சுருக்கம் நீங்கப் பதப்படுத்தப்பட்டு, அதன் பிறகே வெட்டும் மேஜைக்கு வந்து சேர்கிறது. அச்சடிக்க ஓரிடம், எம்பிராய்டரிக்கு ஓரிடம், காஜா எடுக்க ஓரிடம். தோளை ஓவர்லாக் இயந்திரத்தில் மூட்டுகிறவர் ஒருவர், விளிம்பைப் பிளாட்லாக்கில் அடிக்கிறவர் மற்றொருவர். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். இந்த இடங்களுக்கிடையே துணி உருளைகளைச் சுமந்துகொண்டு குட்டியானை வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஏற்றுமதியாளர் என்று பலகை மாட்டியிருப்பவரிடம் இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமென்ற அவசியமே இல்லை.

இப்படித் தொழில் பல கூறுகளாக இருப்பதனால், அதில் ஒரு கூறுக்கு மட்டும் முதல் போடச் சொற்பப் பணம் போதும். கிணற்றில் நீர் கீழே போய்விட்ட புன்செய்க் குடியானவரின் மகன், தையற்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்வான்; தேநீர் இடைவேளையில் வெறும் இயந்திரத்தில் உட்கார்ந்து பழகுவான்; சில வருஷங்களில் டெய்லராகி, பிறகு நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு காண்ட்ராக்ட் எடுப்பான். ஒருநாள் சீட்டெடுத்த பணத்தையும் மனைவியின் நகையையும் வைத்துப் பழைய இயந்திரங்கள் சிலவற்றை வாங்கி, வாடகைக் கொட்டகையில் போட்டு, பீஸுக்கு இத்தனை என்று ஜாப் ஒர்க் செய்யத் தொடங்குவான். அவன் நூல் வாங்க வேண்டாம். இத்தாலி தேசத்து வியாபாரியுடன் பேச வேண்டாம். புவியியலறிஞரான ஷரத் சாரி இவ்வூரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட நூலில், விவசாயத்தில் பழகிய உழைப்பே இம்மனிதர்களுக்கு மூலதனமாயிற்று என்பதை விஸ்தாரமாகக் காட்டுகிறார். ஆனால் இந்த ஏணி எல்லாருக்கும் ஒரே மாதிரி எட்டியதென்று சொல்ல முடியாது. கடன் கொடுக்கவும் ஆர்டர் வாங்கித் தரவும் உறவும் சாதியும் உடையவர்கள் ஏறினார்கள். தலித் தொழிலாளரும் பெண்களும் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே நின்றார்கள்.

ஆங்கிலப் பொருளியலறிஞர் ஆல்பிரட் மார்ஷல், 1890இல் வெளியான தமது நூலில், ஒரே தொழில் ஓரூரில் குவிவதால் விளையும் அனுகூலங்களை விவரித்திருக்கிறார். பழகிய கைகள் தேடாமலே கிடைக்கும். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும். ஒருவர் கண்டறிந்த நுட்பம் விரைவில் ஊரார் அனைவருக்கும் தெரிந்துவிடும். ஊசி உடைந்தால் அடுத்த தெருவில் வாங்கவும், இயந்திரம் நின்றால் அரைமணியில் மெக்கானிக்கை அழைக்கவும் திருப்பூரில் முடிகிறது. இதே இயந்திரத்தைத் தனியே வேறொரு ஊருக்குக் கொண்டுபோனவருக்கு அந்தச் சௌகரியம் கிட்டாது. தொழிற்பேட்டைக்கு வேலி போட்டு வரிச்சலுகை கொடுத்தும் பல ஊர்கள் தழைக்காமற் போனதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கூறு போடுவதில் முதலாளிக்கு மற்றொரு லாபமும் உண்டு. 1984இல் பஞ்சப்படி கோரித் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோரை வைத்துக்கொண்டால் சங்கம் வலுக்கும் என்பதைக் கண்டுகொண்ட உடைமையாளர் பலர், அதன் பின் வேலையைச் சிறு பட்டறைகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் மேலும் மேலும் பிரித்துக் கொடுத்தார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிப்டும், சனிக்கிழமை இரவுச் சம்பளமும் ஊரின் பழக்கமாயின. சம்பளம் கொடுப்பவர் காண்ட்ராக்டர். வருங்கால வைப்புநிதி கட்ட வேண்டியவர் யாரென்று கேட்டால் ஒருவர் மற்றொருவரைக் காட்டுவார்.

நொய்யலின் கதையும் இதுவே. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் சாயத் தொட்டியில் ஏராளமாக உப்புப் போட வேண்டும். சாயம் நூலில் ஏறியபின் உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. ஆகவே பார்வைக்குத் தெளிந்திருந்த நீரும் கிணறுகளை உவர்ப்பாக்கியது. பாசனத்துக்கென்று கட்டப்பட்டு 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்க, எந்த உழவர்களின் நன்மைக்காக அணை எழுந்ததோ அவர்களே அதன் நீர் வேண்டாமென்று நீதிமன்றப் படியேறினார்கள். ஏற்றுமதியாளர், "நான் சாயம் போடுகிறவனல்லன்" என்றார், சாயப்பட்டறைக்காரர், "கிலோவுக்கு இவ்வளவென்று கூலிக்குச் செய்கிறேன், அதில் சுத்திகரிப்புக்கு எங்கே மிச்சம்?" என்றார், சட்டையை வாங்கிய ஐரோப்பியருக்கு நொய்யல் என்ற பெயரே தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட, எழுநூற்றுக்கு மேற்பட்டவை நின்றுபோயின. துணிகள் சாயத்துக்காக வெளியூர்களுக்குப் பயணப்பட்டன. பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல், சவ்வு வழியே வடிகட்டியும் கொதிக்க வைத்தும் உப்பைப் பிரித்தெடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கிரமமாக இயங்கத் தொடங்கியபின்தான் பட்டறைகள் மீண்டும் திறந்தன. இந்தச் செலவைப் பட்டறைகள் பலவும் கூடித் தாங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. தனித்தனியே எவராலும் அது ஆகியிராது.

தொழிலாளர் சந்தையும் இதற்குள் மாறிவிட்டது. மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் பிள்ளைகள் பலர் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்காளத்து இளைஞர் அமர்ந்திருக்கிறார்கள். வட மாநிலத்தவர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவி அவர்களில் பலர் ரயிலேறத் தொடங்கியபோது, அதிகாரிகளும் உடைமையாளரும் இந்தியில் சமாதானம் சொல்லிக்கொண்டு விடுதி விடுதியாகச் சென்ற அவசரத்திலிருந்தே அவர்கள் இவ்வூருக்கு எவ்வளவு இன்றியமையாதவர்கள் என்பது விளங்கும். ஆனால் கைமடியிலிருந்து கம்பெனி வரை ஏறும் அந்தப் பழைய ஏணி இவர்களுக்கு வாய்ப்பது அரிது. இவர்களுக்கு உள்ளூரில் சீட்டு இல்லை. ஜாமீன் நிற்க மாமன் மச்சான் இல்லை. இயந்திரங்களின் விலையும் இப்போது அன்றைய விலையல்ல.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதத் தீர்வை விதித்தபோது, நஷ்டமும் இதே வழியில் கூறு போடப்பட்டது. பெரிய ஏற்றுமதியாளர் வேறு தேசங்களில் வாடிக்கை தேடவும், வங்கியிடம் தவணை கேட்கவும் முடியும். ஆர்டர் நின்றுபோன ஜாப் ஒர்க்காரருக்கோ ஓவர்லாக் இயந்திரத்தின் மாதத் தவணை நிற்பதில்லை. ஏற்றுமதிக் கணக்கில் அவர் பெயர் எங்கும் வருவதுமில்லை. ஆகவே இப்படிப்பட்ட சமயங்களில் அவர் உள்ளூர்ப் பனியன் சந்தையான காதர்பேட்டையின் வியாபாரிகளிடம் உள்நாட்டுப் பனியன் வேலை கேட்டுப் போகிறார். அதே எண்ணத்தோடு பலரும் அங்கே போய் நிற்பதால், பீஸ் ரேட்டைச் சொல்லும் உரிமை வியாபாரியிடம் போய்விடுகிறது.