தீவுகள் சொல்லும் துறைமுகக் கணக்கு

மணலி புதுநகர் வழியாக எண்ணூர் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், உலக வணிகத்தோடு நம்மை அன்றாடம் இணைக்கின்றன. கடல் வணிக வரலாற்றில் புறப்படும் துறைமுகமும் சென்றடையும் துறைமுகமுமே பெரிதும் பேசப்படுகின்றன. இடையில் கப்பலைத் தாங்கிய நிலங்கள் மறக்கப்படுகின்றன. நம் சாந்தோமுக்குப் பெயர் தந்த போர்த்துகீசியர்களின் கடல்வழி இதற்குத் தக்க சான்று.

1497 ஜூலையில் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட வாஸ்கோ ட காமா, 1498 மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார். இப்பயணத்துக்கான அடித்தளம், மதீரா தீவில் ஏறத்தாழ 1420இல் குடியேற்றம் தொடங்கியபோதே இடப்பட்டுவிட்டது. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையோரம் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. பாய்மரக் கப்பல் தெற்கே செல்வது எளிது. அதே வழியில் திரும்புவது கடினம். எனவே மாலுமிகள் கரையை விட்டு விலகி, நடுக்கடலில் வடமேற்காகச் சென்று, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து நாடு திரும்பக் கற்றனர்.

அந்தச் சுற்றுவழியில் அமைந்தவையே அசோர்ஸ் தீவுகள். குடிநீர், உணவு, கப்பல் பழுதுபார்ப்பு எல்லாம் அங்கே கிடைத்தன. காமா செல்லும்போது கேப் வெர்டே தீவுக்கூட்டத்தின் சாந்தியாகோவில் தங்கினார். திரும்பும்போது அவருடைய அண்ணன் பாலோ அசோர்ஸின் தெர்சேரா தீவில் உயிர்நீத்தார். பொருளியல் நோக்கில், இடைத்தங்கல் என்பது செலவுக் குறைப்பு. வழியில் நீர் கிடைக்குமானால் கப்பல் குறைந்த நீரையும் கூடுதல் சரக்கையும் ஏற்றலாம். பயணத்தின் இடரும் குறையும்.

ஆனால், அந்த ஆதாயத்துக்கான விலையைத் தீவுகளே கொடுத்தன. அடர்ந்த காட்டினால் ‘மரம்’ என்று பொருள்படும் பெயர் பெற்றது மதீரா. கரும்புச்சாறு காய்ச்ச அம்மரங்களே விறகாயின. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட சர்க்கரைத் தொழில், சில பத்தாண்டுகளிலேயே சரிந்தது. விறகுத் தட்டுப்பாடு ஒரு காரணம்; பிற இடங்களின் மலிவான சர்க்கரை மற்றொன்று. அந்தப் போட்டியாளர்களுள் ஒன்று, சாந்தோமைப் போலவே புனித தோமையாரின் பெயரைத் தாங்கிய சாவோ தோமே தீவு. அங்கே ஆலைகளை இயக்கியது அடிமைகளின் உழைப்பு.

நம் வடசென்னைக்கும் இக்கணக்கு பொருந்தும். கடலுக்கும் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட குறுகிய நிலப்பகுதியில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் எழுந்துள்ளன. நாட்டுக்கு அவை தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. இரண்டு முறையும் வருவாய் இழந்தவர்கள் மீனவர்களே. கொசஸ்தலையாறு பெருக்கெடுக்கும்போது மணலி புதுநகரின் தெருக்கள் மூழ்குவதையும் கண்டோம். கழிமுகம் சுருங்கினால் அவ்வெள்ளம் வடிய வழியில்லை.

துறைமுகத்தின் இலாபநட்டக் கணக்கில் கழிமுகத்துக்கு ஒரு வரிகூட இல்லை. சரக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியை அதன் மீட்புக்கும் மீனவர் இழப்பீட்டுக்கும் சட்டப்படி ஒதுக்க வேண்டும். விரிவாக்கத்துக்கு அனுமதி தருமுன் வெள்ளம் வடியும் பாதையின் மதிப்பையும் கணக்கிட வேண்டும். காடு அழிந்த பிறகே மதீராவுக்கு விறகின் அருமை தெரிந்தது. நமக்குக் கழிமுகம் இன்னும் மிச்சமிருக்கிறது.